பெடியள் என்ற சொல்

நீதிமன்றத்தில் தமிழைச் சிங்களத்திலும் சிங்களத்தைத் தமிழிலும் மாற்றிச் சொல்பவரை எங்கள் பக்கத்தில் முதலியார் என்போம். திருகோணமலையில் நான் கண்ட முதலியார் மெலிந்த மனிதர். சிக்கலான சொல் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கோட்டு நுனியால் துடைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

உப்புவெளியில் மீன்பிடி வள்ளம் வைத்திருக்கும் என் தம்பியைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்திருந்தார்கள். அவன் போனில் அனுப்பிய குரல் பதிவுதான் காரணம்: "பெடியள் வந்திட்டாங்கள். சாமானை இறக்கப் போறம்." பெடியள் என்றால் எங்கள் பேச்சில் பையன்கள்.

வழக்கைக் கூப்பிட முதல், நீதிமன்ற விறாந்தையில் முதலியார் என் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

"தங்கச்சி, நான் உங்களோட கதைக்கக் கூடாது. தம்பி பெடியள் எண்டது ஆரை?"

"வலை இழுக்க வாறவங்களை ஐயா. சாமான் எண்டது வலையும் ஐஸ் பெட்டியும்."

"எனக்கு விளங்குது. ஆனா சண்டைக் காலத்தில ஆயுதம் தூக்கின இயக்கக்காரரையும் பெடியள் எண்டுதானே சொன்னனாங்கள்."

அதற்குள் வழக்கைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே பதிவைப் போட்டார்கள்; அந்தச் சொல் வந்தபோது அவர் கண்ணாடியைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு சிங்களத்தில் ஏதோ சொன்னார். நீதவான் எழுதிக்கொண்டார். கொழும்பிலிருந்து சட்ட ஆலோசனை வரும்வரை தம்பி மறியலில், சிறையில்தான் இருக்க வேண்டும் என்ற உத்தரவையும் முதலியார் அதே குரலில் தமிழில் சொன்னார்.

எனக்குச் சிங்களம் தெரியாது. அவர் என்ன சொல் சொன்னார் என்று யாரிடமும் கேட்கப் பயம். இப்போது என் மகன்களைச் சாப்பிட அழைக்கும்போதும், பெடியள் என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன்.