இரண்டாவது ஒன்ஸ்மோர்

1956 ஜூலை 14, சனிக்கிழமை. குற்றாலக் கொட்டகையில் ஜெர்மன் இசைநாடகம் ஒன்றைத் தமிழாக்கி முதன்முதலாக மேடையேற்றினார்கள். ஆர்மோனியக்காரர் சொரிமுத்து இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டு, அதன் கடைசிப் பாட்டை ஏழு மாதம் பழகியிருந்தார். நாயகி பாடியபடியே சாவாள். அதன்பின் ஒரு சத்தமும் எழக்கூடாது என்பது அவர் ஆசை.

நாயகி விழுந்ததும், "ஒன்ஸ்மோர்!" என்று கொட்டகை அதிர்ந்தது. செத்தவள் எழுந்து பாடி மறுபடி செத்தாள். மீண்டும் "ஒன்ஸ்மோர்!" சொரிமுத்து கையை எடுத்துவிட்டார்.

"வாசியும் அண்ணாச்சி, சனம் கேக்குதுல்லா!" என்றார் நாடகத்தைப் பணம் போட்டு நடத்திய காண்ட்ராக்டர்.

"செத்தவள எத்தன தடவ வே எழுப்புவீரு?"

"டிக்கெட் வாங்குனவன் எழுப்புதான். உமக்கென்ன, நீரா சாகுதீரு?"

முன்வரிசை சிரித்தது. சொரிமுத்து பெட்டியை மூடிக்கொண்டு, சாரலில் நனைந்தபடி தென்காசிக்கு நடந்தார். பின்னால் நாயகி ஆர்மோனியம் இல்லாமலே பாடினாள், கைதட்டல் ஓயவில்லை. அதன்பின் எந்த மேடைக்கும் அவரை யாரும் கூப்பிடவில்லை.