மாநாட்டுக்குள் போன தப்பு

இசை சிகிச்சை பழகும் எனக்கு இன்றுதான் முதல் மாநாடு. பேசவும் கொஞ்சம் நேரம் கொடுத்திருந்தார்கள். மடுல்சீமையிலிருந்து பஸ் ஏறி, மடியில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தப்பு மேளத்தோடு பதுளையில் வந்து இறங்கினேன்.

மண்டப வாசலிலேயே அமைப்பாளர் தடுத்தார்.

"மேளத்த வெளிய வச்சிட்டு வாங்க. இது டாக்டர்மார் கூட்டம், சாவு வீடில்ல."

"நான் பேசப்போறதே இதப் பத்தித்தாங்க சார்."

"வீணை கேசட் ஒன்னு தரேன். அதப் போட்டுப் பேசுங்க."

தலையாட்டிவிட்டு உள்ளே போனேன், தப்போடுதான்.

மேடையில் செல்லம்மா அக்காவைப் பற்றிச் சொன்னேன். மண்சரிவில் பிள்ளையைப் பறிகொடுத்தவர். நான் பழகும் ஆஸ்பத்திரி வார்ட்டில் மாதக்கணக்கில் வாய் திறக்காமல் கிடந்தார். வீணை கேசட் போட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். ஒருநாள், எங்கள் தோட்டங்களில் மாசியில் ஆடும் காமன் கூத்து அடியைத் தப்பில் மெதுவாக அடித்தேன்.

"அப்படியில்ல புள்ள, வேகமா அடி" என்றார். அதுதான் அவர் பேசிய முதல் பேச்சு.

அந்த அடியை மேடையிலும் அடித்துக் காட்டினேன். முன்வரிசையில் சிலர் எழுந்து போனார்கள். நான் நிறுத்தவில்லை. பின்னால் ஒரு நர்ஸ் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். பிறகு அவர் பக்கத்தில் இருந்தவர்களும்.

இறங்கியதும் அமைப்பாளர் வந்தார். "அடுத்த வருஷம் பேச ஒங்களுக்கு எடம் கெடைக்காது தங்கச்சி."

"பரவாயில்லங்க சார், கேக்க வர்றேன்."

"என்ன கேக்க?"

"கேள்விதான்."

என்ன கேட்கலாம் என்று நீங்களும் யோசித்துச் சொல்லுங்கள். ஒரு வருஷம் இருக்கிறது.