முதல் படம் கட்டைக்கு

இது கதை இல்லை. நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், நானே கேள்விப்பட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். நான் பிறவிச் சந்தேகக்காரி. "இவ வெந்நீரயே விரல விட்டுப் பாத்துட்டுத்தான் சூடுன்னு ஒத்துக்குவா" என்று என் கணவர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பேய் என்றதும் நடுராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். எனக்கு எல்லாம் நடந்தது காலை ஏழேகால் மணிக்கு. வாசலில் நல்ல வெயில்.

ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. காலை ஏழிலிருந்து இரண்டு மணி வரை நான். அப்புறம் ஒரு தம்பி வருவான். எங்கள் சென்டரில் ஒரு வழக்கம் உண்டு. நாளின் முதல் படம் நோயாளிக்கு இல்லை, கட்டைக்கு. ஒரு நிஜ முன்கை எலும்பைக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்கில் வார்த்து வைத்திருக்கிறார்கள். அதைத்தான் கட்டை என்போம். தினமும் அதை ஒரு படம் எடுத்து நேற்றைய படத்தோடு ஒப்பிட வேண்டும். கொஞ்சம் மாறியிருந்தாலும் மிஷினில் கோளாறு என்று அர்த்தம். பெயர் போடாமல் எடுக்கும் முதல் படம் தானாகவே 'கட்டை' என்ற கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். கம்ப்யூட்டரை அப்படிப் பழக்கியிருந்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை 6.40-க்கு என் மகள் மாடிப்படியில் சறுக்கி விழுந்தாள். பத்து வயது. வலது முன்கை வளைந்து தொங்கியது. அவளை வாரித் தூக்கிக்கொண்டு சென்டருக்கு ஓடினேன். மணி 7.15. கட்டையாவது, வழக்கமாவது! பெயரைக்கூடத் தட்டாமல் படம் எடுத்தேன். எல்லார் பிள்ளைகளிடமும் "அசையாதே கண்ணு" என்று சொல்கிற நான் அன்று அதைச் சொல்லக்கூட மறந்துவிட்டேன். எலும்பு டாக்டர் திரையிலேயே பார்த்துவிட்டு மாவுக்கட்டு போட்டார்.

"சின்னப்புள்ள எலும்பும்மா. நாலு வாரத்துல ஒட்டிக்கும். கவலப்படாதீங்க."

மறுநாள் வழக்கம்போலக் கட்டையை மேஜையில் வைத்துப் படம் எடுத்தேன். எலும்பின் நடுவே ஒரு கோடு. உடைந்த கோடு. திங்கட்கிழமைப் படம் வரை வழவழவென்று இருந்த எலும்பு அது.

தம்பிதான் கீழே போட்டிருப்பான் என்று நினைத்தேன். போனில் பிடித்தேன்.

"அக்கா, சத்தியமா நான் அத தொடவே இல்ல!"

அவ்வளவு வேகமாகச் சத்தியம் செய்ததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனால் பிளாஸ்டிக்கில் ஒரு கீறல்கூட இல்லை. வெளியே ஒன்றும் ஆகாமல் உள்ளே மட்டும் எப்படி உடையும்? கட்டையை அலமாரியில் பூட்டி, கதவிடுக்கில் ஒரு டேப் ஒட்டி, அதன்மேல் என் கையெழுத்தையும் போட்டேன்.

பத்தாம் நாள் அந்தக் கோட்டைச் சுற்றிப் புகை மாதிரி ஒன்று தெரிந்தது.

தினமும் பார்க்கிற விஷயம்தான் அது. எலும்பை நாம் கல் மாதிரி நினைக்கிறோம். அது உயிருள்ளது. அதற்குள்ளே ரத்தம் ஓடுகிறது. பழசை அரித்தெடுக்க ஒரு கூட்டம், புதுசாகக் கட்ட ஒரு கூட்டம் என்று செல்கள் ஓயாமல் வேலை செய்கின்றன. உடைந்தால் அந்த இடத்தில் புது எலும்பு முதலில் புகைபோலப் படிந்து, சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகும். ஆனால் அதெல்லாம் உயிரோடு இருக்கிற உடம்பில்தான். பிளாஸ்டிக்குக்குள் கிடக்கிற காய்ந்த எலும்புக்கு ரத்தம் ஏது?

டேப்பில் என் கையெழுத்து அப்படியே இருந்தது.

நான்காவது வாரம் மகளின் கையை மறுபடி படம் எடுத்துப் பார்த்தோம். புகை இல்லை. எதுவுமே இல்லை. நேற்று உடைந்த மாதிரி கோடு பளிச்சென்று தெரிந்தது. சுற்றியிருந்த எலும்பு வேறு மெலிந்து, சாம்பல் பூத்திருந்தது.

"பால், முட்டையெல்லாம் ஒழுங்கா குடுக்கறீங்களா?" என்றார் டாக்டர்.

என் சந்தேகம் அடுத்து கணவர் மேல் பாய்ந்தது. பாலை இவளுக்குக் கொடுக்காமல் இவரே குடித்துவிடுகிறாரோ? டம்ளரை மோந்துகூடப் பார்த்தேன். அன்று மகளுக்குத் தலை பின்னும்போது அவளாகவே சொன்னாள்.

"அம்மா, நீ வேலைக்குப் போனப்புறம் யாரோ என் கைய உள்ளருந்து இழுக்கறாங்க."

"எப்போடி?"

"தெனமும். வேன் வர்றதுக்கு முன்னாடி. ஏழேகாலுக்கு."

நான் கட்டைக்குப் படம் எடுக்கிற நேரம்.

ஆறாவது வாரம் டாக்டர் கைவிரித்துவிட்டார். திங்கட்கிழமை கையைத் திறந்து தகடு வைத்துவிடலாம், ஒட்டுமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார். அன்றிரவு நான் அழுத அழுகை என் தலையணைக்குத்தான் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க, முதல் நாள் எடுத்த படத்தை டாக்டர் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை காலை 7.10. கட்டையை மேஜையில் வைத்துவிட்டு, மகளின் பெயரைத் தட்டித் தேடினேன். அந்தப் படம் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. பெயரே போடவில்லையே...

'கட்டை' கோப்பைத் திறந்தேன். வரிசையாக அதே எலும்பு, அதே எலும்பு. நடுவில் என் மகளின் கை.

அதற்கு அடுத்த நாளிலிருந்து கட்டையில் கோடு. அப்புறம் புகை. நேற்றைய படத்தில் எலும்பு முழுசாக ஒட்டியிருந்தது.

7.14. டக்.

விரலில் சொடக்கு எடுக்கிற சத்தம். மேஜைப் பக்கமிருந்து வந்தது.

அறையில் யாரும் இல்லை.

மகளின் படத்தை நகர்த்தப் பார்த்தேன். பெயர் கேட்டது. பெயர் இல்லாமல் அந்தக் கோப்பிலிருந்து எதையும் வெளியே எடுக்க முடியாது.

டக்.

ஓர் எழுத்தைத் தப்பாக அடித்தேன். அழித்தேன்.

டக்... டக்...

முழுப் பெயரையும் அடித்தேன். பொத்தானை அழுத்தினேன்.

7.16. சத்தம் நின்றது.

கட்டையைப் படம் எடுத்தேன்.

நடுவில் கோடு. புத்தம் புதுசாக.

போன் அடித்தது. கணவர்.

"என்னன்னு தெரியல... பாப்பா திடீர்னு சிரிக்கறா. விட்டுட்டாங்கப்பா, விட்டுட்டாங்கப்பாங்கறா."

"யாரு?"

"கேட்டேன். சொல்லத் தெரியலங்கறா."

திங்கட்கிழமை தகடு வைக்கவில்லை. எலும்பில் புகை தெரிந்தது. நாலே வாரத்தில் ஒட்டிவிட்டது. மாவுக்கட்டைப் பிரித்த அன்று இரண்டு கைகளையும் சேர்த்து வைத்து அளந்த டாக்டர் புருவம் சுருக்கினார். வலது முன்கை எட்டு மில்லிமீட்டர் குட்டை. உடைந்தது நடுவில், எலும்பு வளர்கிற தட்டு இருப்பது மணிக்கட்டுப் பக்கம், அங்கே அடியே படவில்லையே, ஏன் வளராமல் நின்றது, நின்றாலும் சில வாரத்தில் இவ்வளவு குறையுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

என் சந்தேகம் சும்மா இருக்குமா? கட்டையின் பழைய படங்களையெல்லாம் தோண்டி எடுத்தேன். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. முதல் படம் பதினான்கு வருடத்துக்கு முந்தையது. அதே கட்டை, வெளியே அதே அளவு. உள்ளே இருந்தது ஒரு குழந்தையின் எலும்பு. பதினாறு சென்டிமீட்டர். மணிக்கட்டுப் பக்கம் வளர்ச்சித் தட்டின் கருப்புக் கோடு தெளிவாகத் தெரிந்தது.

இப்போது அளந்தேன். இருபத்து நான்கு. என் மகளின் கை கோப்பில் இருந்த ஆறு வாரத்தில் மட்டும் எட்டு மில்லிமீட்டர் கூடியிருந்தது. மணிக்கட்டு முனை கட்டையின் விளிம்பைத் தொட இன்னும் ஆறு மில்லிமீட்டர்தான் பாக்கி.

முதலாளியிடம் சொன்னேன். சிரித்தார். அதிலிருந்து ஒரு நாள்கூடத் தவறாமல் முதல் படத்தைக் கட்டைக்குத்தான் எடுக்கிறேன். பக்கத்தில் ஸ்கேல் வைத்து அளக்கிறேன். ஆறு, ஆறு, ஆறு. ஐந்து மாதமாக ஆறுதான்.

போன வாரம் காய்ச்சலில் இரண்டு நாள் படுத்துவிட்டேன். காலையிலும் தம்பிதான் பார்த்துக்கொண்டான். திரும்பி வந்து அளந்தேன்.

ஐந்து.

'கட்டை' கோப்பைத் திறந்தேன். கடைசிக்கு முந்தின படம் ஒரு சின்னக் கை. நடுவில் உடைந்திருந்தது.

"அவசரத்துல வந்தாங்கக்கா. பேர் எழுதிக்கல" என்றான் தம்பி.