மஞ்சள் பூவின் மேல் போட்ட பழி

மொன்ட்ரியாலுக்கு வந்த முதல் செப்டம்பர். பியர்பொன்ட்ஸில் ஒரு வீட்டின் பேஸ்மெண்டில் தனியாக இருந்தேன். முருகன் படத்துக்கு வைக்க, வீதியோரம் மஞ்சளாகப் பூத்துக் கிடந்த கோல்டன்ரொட் என்ற காட்டுப்பூவைப் பறித்து வருவேன். வந்ததும் தும்மல், கண்ணீர்.

ஒருநாள் எரிச்சலில் பூவை வாசலில் எறிந்தேன். மேல்வீட்டு அக்கா என் கண்களைப் பார்த்துவிட்டார்.

“தம்பி, அழுதனீரோ?”

“இல்லை அக்கா, இந்தப் பூ ஒத்துக்கொள்ளேல்லை.”

“அதில பிழையில்லை. அதின்ர மகரந்தம் பாரம், தேனீதான் காவிக்கொண்டு போகும். பக்கத்தில பச்சையாய் நிக்கிற ராக்வீட் எண்ட களையின்ர மகரந்தம்தான் காத்தில பறந்து மூக்குக்குள்ள போறது. ரெண்டும் சூரியகாந்திக் குடும்பம்தான். ஆனா ராக்வீட்டின்ர பூ கண்ணுக்கே தெரியாது.”

மறுநாளும் அதே மஞ்சள் பூவைத்தான் படத்துக்கு வைத்தேன்.

உறைபனி விழுந்து செடிகளெல்லாம் கருகின. தும்மல் நின்றது. கண்ணீர் நிற்கவில்லை.

படியில் கண்ட அக்கா திரும்பவும், “அழுதனீரோ?” என்று கேட்டார். பழி போட ஒரு பூவும் மிச்சமில்லை.

“ஓம் அக்கா,” என்றேன்.