பென்சில் கோட்டில் ஐந்தாவது தெய்வம்

ஐம்பதுகளின் நடுவில் பெங்களூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை நிரப்புவது என் பொறுப்பு. ஒரு வாரம், சர்வே வரைபடத்தை விரித்து அடுகோடியிலிருந்து சந்தாபுரா வரை உள்ள பழைய கோயில்களுக்குப் புள்ளி வைத்தேன். ஒரு அனுமார் கோயில், ஒரு முனீஸ்வரன் மேடை, இரண்டு அம்மன் கோயில்கள். ஸ்கேலை வைத்தபோது நான்கும் ஒரே நேர்கோட்டில் விழுந்தன. கடைசி இரண்டுக்கும் நடுவில் மட்டும் இடைவெளி பெரிது. அங்கே ஐந்தாவது தெய்வம் ஒன்று மறைந்திருக்க வேண்டும் என்று எழுதி, அந்த இடத்துக் கிராமத்தின் பெயரையும் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தாள். வட ஆற்காட்டுக்காரி, ஜல்லி உடைப்பவள். புருஷன் இறந்தபின் இரண்டு பெண்களோடு அந்தக் கிராமத்து எல்லையில் குடிசையில் இருந்தாள்.

"பேப்பர்ல எழுதுன சாமி நீங்கதானா? நான் துணி தொவைக்கிற கல்லுக்கு மஞ்சா பூசிட்டாங்க. தண்ணி புழங்கக் கூடாதாம், கருவாடு சுடக் கூடாதாம். அமாசைக்குள்ள ஜாகா காலி பண்ணுன்றாங்க."

"பழைய கல்லா அது?"

"இன்னா பழசு? எங்க ஊட்டுக்காரரு குவாரிலேந்து தோள்ல தூக்கியாந்தது. தப்புன்னு ஒரு வரி போடுங்க சாமி."

மறுநாள் போய்ப் பார்த்தேன். மஞ்சளுக்கு அடியில் உளி அடித்த குழிகள் வரிசையாகத் தெரிந்தன. ஊர்த் தலைவரான பட்டேலிடம், இது குவாரிக் கல்தான் என்று சொன்னேன். அவருக்குத் தமிழ் நன்றாக வரும்.

"நீங்க எழுதினப்புறம்தான் எங்களுக்குக் கண்ணே தெறந்தது. இப்போ நீங்களே இல்லேங்கறீங்க. எந்தப் பேப்பரை நம்பறது சார்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அறைக்குத் திரும்பி வரைபடத்தை எடுத்தேன். ஒரு மைலை ஓர் அங்குலத்துக்குள் அடக்கிய வரைபடம். என் பென்சில் கோட்டின் தடிமன் தரையில் எழுபது கஜம். நான் வைத்த புள்ளிகள் அதைவிடப் பெரியவை. அவ்வளவு அகலத்துக்குள் மாட்டுக்கொட்டகையும் நேர்கோட்டில்தான் நிற்கும்.

நான்கு வரியில் திருத்தம் எழுதினேன். ஆசிரியர் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்.

"ஆள் பேரு தப்பு, ஊர் பேரு தப்புன்னு திருத்தம் போடலாம்யா. தெய்வம் இல்லைன்னு எப்படிய்யா போடறது?"

நான் வாதாடவில்லை. வேறு பத்திரிகைக்கும் அனுப்பவில்லை. எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.

அமாவாசையன்று காலை போனேன். குடிசையைப் பிரித்திருந்தார்கள். கல்லைச் சுற்றி நான்கு கம்பு நட்டு, அவள் கூரைத் தகரத்தை மேலே போட்டிருந்தார்கள். அவள் சாலையோரம் மூட்டையோடு நின்றாள்.

"போட்டீங்களா சாமி?"

"போட மாட்டேன்னுட்டாங்கம்மா."

அவள் என்னைத் திட்டவில்லை. மூத்த பெண்ணிடம், "குடத்தை எடுடி, வெயில் ஏறுது" என்றாள். மூவரும் சந்தாபுரா பக்கம் நடந்தார்கள்.