பாதிக் குளத்தில் திரும்பிய ஏகாம்பரம்

ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலை வாசலில் காலை ஷிப்ட் மாறிக்கொண்டிருந்தபோது ஏகாம்பரத்தின் மகள் அழைத்தார். “மாமா, நைனா போய்ட்டாரு. தூக்கத்துலயே.” பாதுகாப்பு அதிகாரியான நான், கேட்டை அடுத்தவரிடம் விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

பழைய கடற்படைப் பயிற்சிப் பள்ளியில் நாங்கள் ஒரே அணி. நான் தூத்துக்குடிக்காரன், அவர் பிள்ளைப்பாக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளை. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், அதைவிடப் பழைய சட்டங்கள். நீச்சல் தேர்வில் குளத்தின் இந்தப் பக்கம் குதித்து அந்தப் பக்கத்துச் சுவரைத் தொட வேண்டும். தவறினால் பெட்டியோடு ஊருக்கு ரயில்.

ஏகாம்பரம் ஜோராகத்தான் குதித்தார். பாதிக் குளத்தில் சட்டென்று திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார். எல்லோரும் சிரித்தோம், அதிகம் சிரித்தவன் நான். பயிற்சியாளர் காரணம் கேட்டார்.

“எங்க கெணறு அம்மாந்தூரம்தான் சார் கீது. அதுக்கு மேல போனா சொவுரு இடிக்கும்.”

ஒரு வாரம் தவணை கிடைத்தது. தினமும் நீந்தினார்; தினமும் அதே இடத்தில் உடம்பு தானாகத் திரும்பியது. நிஜமாகவே இவரை அனுப்பிவிடுவார்கள் என்று உறைத்தபோது என் சிரிப்பு போய்விட்டது. கடைசி நாள் காலையில் என்னிடம் வந்தார்.

“நீ அந்தாண்ட நின்னுகினு என்னைத் திட்டிகினே இருடா. உன்னை அடிக்கணும்னு வெறி வந்தாத்தான் நேரா வருவேன்.”

திட்டினேன். தூத்துக்குடியில் கற்றதில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. பாதியில் அவர் தோள் திரும்பப் பார்த்தது. பேரைச் சொல்லி இன்னொன்று விட்டேன். வந்து சுவரைத் தொட்டார். மேலே ஏறி, பயிற்சியாளர் கண்ணெதிரே என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டுக் கட்டிக்கொண்டார். தண்டனையாக இருவரும் மைதானத்தைச் சுற்றி ஓடினோம். அவ்வளவு சந்தோஷமாக நான் எப்போதும் ஓடியதில்லை.

கப்பல்களில் பணி முடித்து ஊர் திரும்பியவர், இங்கே ஒரு தொழிற்சாலையின் தீயணைப்புப் பிரிவில் சேர்ந்தார். ஒரு பெருமழையில் பென்னலூர்ப் பக்கம் பெண் தொழிலாளர் விடுதியை வெள்ளம் சூழ்ந்தபோது, கயிற்றின் நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு விடுதிவரை அத்தனை தூரத்தையும் நீந்திக் கடந்தவர் அவர்தான்.

இறுதி ஊர்வலத்தில் அந்தப் பெண்கள் ஷிப்ட் சீருடையோடு தெருவின் இருபுறமும் நின்றார்கள். ஒருவர் என்னிடம் சொன்னார்: “அவரு கட்டுன கயித்தப் புடிச்சிகினுதான் சார் நாங்க அத்தினி பேரும் வந்தோம்.” எனக்கு அழுகை வரவில்லை. பெருமையில் நெஞ்சு விம்மியது. நடுத்தெருவில் விறைப்பாக நின்று சல்யூட் வைத்தேன்.

போய் வாருங்கள், ஏகாம்பரம். எல்லோரும் பத்திரமாக இருக்கிறார்கள்.