இத்தோ நம்பிய ஒரே பேச்சு

இத்தோவுக்குச் சந்தேகம் பிறவிக் குணம். அஸ்ரூ என்கிற மலை ஊரில் பெண்கள் குளிக்கிற ஹம்மாமில், அதாவது பொது வெந்நீர்க் குளியல்கூடத்தில், கதவுக்கு உள்பக்கம் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, குளிக்க வருகிறவர்களின் பைகளையும் துணிமணிகளையும் காவல் காப்பது அவள் வேலை. இரண்டு வாளியோடு உள்ளே போனவள் மூன்று வாளியோடு வெளியே வர முடியாது. அடுத்தவள் செருப்பை மறந்தாற்போல மாட்டிக்கொண்டு நழுவ முடியாது. பதினோரு வருஷத்தில் ஒரு சீப்புகூடக் களவு போனதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். குளிக்க வருகிறவர்கள் அவளை மனசுக்குள் திட்டிக்கொண்டே வருவார்கள், ஆனால் பையை அவளிடம்தான் கொடுப்பார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். ஆலிவ் எண்ணெய் வாங்கினால் உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, மோந்து, நக்கிப் பார்த்துவிட்டுத்தான் புட்டியை மூடுவாள். டாக்சி ஓட்டுகிற மோஹா அவளைப் பெண் கேட்டு வந்தபோது, அவனுக்கு ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி எங்கேயாவது இருக்கிறாளா என்று அவன் சொந்த ஊருக்கே ஆள் அனுப்பி விசாரித்தவள். பெண்டாட்டி இல்லை. ஒரு அக்கா இருந்தாள். அந்த அக்கா தாமூ, கல்யாணத்தன்று தன் துணிமூட்டையோடு அவர்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டாள்.

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, முப்பத்தெட்டு வயதில், இத்தோ முழுகாமல் இருந்தாள். அதையும் அவள் லேசில் நம்பவில்லை. ஒரே வாரத்தில் மூன்று மருந்துக் கடைகளில் மூன்று பரிசோதனைக் குச்சி வாங்கினாள், ஒரே கடைக்காரன் மூன்று முறையும் ஏமாற்றிவிடக் கூடாது பாருங்கள்.

ஏழாம் மாதம் முடிகிற சமயம், சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கிற நர்ஸ் வியாம் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தாள். தினமும் பிள்ளை எப்போது அசைகிறது, எப்படி அசைகிறது என்று கவனிக்க வேண்டும். எத்தனை உதை என்று ஊருக்கெல்லாம் ஒரு கணக்குக் கிடையாதாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பழக்கம் உண்டு, அந்தப் பழக்கம் தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றாள் நர்ஸ்.

"அது குறைஞ்சாலோ, மாறினாலோ, நாளைக்குப் பாக்கலாம்னு இருக்காதீங்கக்கா. அன்னைக்கே வாங்க. ராத்திரின்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க."

இத்தோவுக்கு உடனே மூளை ஓடியது. இவள் எதற்கு இவ்வளவு அக்கறைப்படுகிறாள்? ஆளைச் சேர்த்துவிட்டால் ஆஸ்பத்திரியில் இவளுக்கு ஏதாவது கிடைக்குமோ? வயிற்றைக் கிழிக்க ஆள் பிடிக்கிறாளோ? ஆனாலும், எண்ணுவது என்பது இத்தோவுக்குக் கை வந்த கலை. யாரை நம்பினாலும் நம்பாவிட்டாலும் தன் எண்ணிக்கையை அவள் நம்புவாள். மறுநாளிலிருந்து முக்காலியில் உட்கார்ந்தபடி ஒரு கண் வாளிமீதும் ஒரு கை வயிற்றின்மீதும் வைத்துக்கொண்டாள்.

பத்தே நாளில் பிள்ளையின் குணம் அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது. காலையில் சோம்பேறி. பகலில் ஹம்மாமின் வெந்நீர் அடுப்புக்காரன் விறகு தள்ளுகிற சத்தம் கேட்டால் ஒரு துள்ளல். சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகு, கூட்டம் குறைந்த நேரத்தில், வலது விலாவுக்குக் கீழே ஒரு ஆட்டம், சும்மா சொல்லக் கூடாது, மூச்சு முட்டும். "என் அப்பன் மாதிரியே சாயங்காலந்தான் உசுரு வருது இதுக்கு" என்று அவளே சிரித்துக்கொள்வாள். அந்தச் சிரிப்பை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று முகத்தை உடனே கடுமையாக்கியும் கொள்வாள்.

இனி தாமூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. வயிற்றுப் பிள்ளை சில நேரம் தூங்கிப் போகும். மாசக்கணக்கில் தூங்கும், வருஷக்கணக்கிலும் தூங்கும், வேளை வந்தால் விழித்துப் பிறக்கும். தாமூவின் வயிற்றில் பதினான்கு வருஷமாக அப்படி ஒரு பிள்ளை தூங்குகிறது. அவள் புருஷன் ஸ்பெயினுக்கு வேலைக்குப் போய் அங்கேயே மௌத்தாகிவிட்டான். செய்தி வந்தபோது அவளுக்கு ஐந்து மாதம். துக்கத்தில் பிள்ளை தூங்கிவிட்டது என்று மாமியார் சொன்னாள், ஊரும் சொன்னது. எத்தனை பிள்ளை என்று யார் கேட்டாலும் தாமூ "ஒன்னு, தூங்குது" என்பாள். யாரும் சிரிக்க மாட்டார்கள். "அல்லாஹ் நல்லபடியா எழுப்பட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

இத்தோவும் சிரித்ததில்லை. ஆனால் தன் வயிறு பெருக்கப் பெருக்க அவளுக்குள் ஒரு பயம் முளைத்தது. பதினான்கு வருஷம் தனியாகத் தூங்குகிற பிள்ளைக்கு ஒரு துணை வேண்டுமென்று தாமூ நினைக்க மாட்டாள் என்று என்ன நிச்சயம்? ஒரு நாள் மத்தியானம் வழக்கமான துள்ளல் கொஞ்சம் தாமதமானதும் இத்தோ பதறினாள். தாமூ அடுப்படியிலிருந்து திரும்பாமலே, "தூங்குனா தூங்கட்டுமே, தூங்குற பிள்ளை எங்கயும் போயிடாது" என்றாள். பத்து நிமிஷத்தில் பிள்ளை உதைத்துவிட்டது. ஆனால் அந்தப் பேச்சு இத்தோவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

அன்று முதல் தாமூ கொடுக்கிற எதையும் அவள் சட்டென்று வாய்க்குக் கொண்டுபோக மாட்டாள். குளிர்காலத்தில் எல்லார் வீட்டிலும் தேநீரில் கசப்புத் தழை போடுவார்கள். தாமூ ஊற்றி வைத்த கிளாஸை இத்தோ நைசாக அவள் பக்கம் தள்ளிவிட்டு அவளுடையதை எடுத்துக்கொள்வாள். தன் தலையணையைப் பிரித்து முடிச்சுப் போட்ட செய்வினை நூல் ஏதாவது இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். மோஹாவிடம் சொன்னால் அவன் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். "எங்க அக்கா ஒரு எறும்பை மிதிக்க மாட்டா, இத்தோ. உன் ஹம்மாம் புத்தியை ஹம்மாமிலேயே வச்சிட்டு வா" என்பான். தாமூவுக்கு இதெல்லாம் தெரிந்ததா, தெரியாததா? ஹரீரா சூப்புக் கிண்ணத்தை வைக்கும்போது தானே முதலில் ஒரு கரண்டி குடித்துக் காட்டிவிட்டு வைக்க ஆரம்பித்தாள். அதுவும் இத்தோவுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் மாதம் பிறந்து நாலாவது நாள் பனி கொட்டிக்கொண்டிருந்தது. முந்தின சாயங்காலமே ஆட்டம் மந்தம். இத்தோ தன் எண்ணிக்கையையே சந்தேகப்பட்டு, கூட்டத்தில் கவனம் சிதறியிருக்கும் என்று தேற்றிக்கொண்டாள். காலையில் ஒன்றுமில்லை. காலையில் எப்போதும் சோம்பல்தானே. பகலில் அடுப்புக்காரன் விறகு தள்ளினான். ஒன்றுமில்லை. இன்னொரு தரம் தள்ளச் சொன்னாள். அவன் இவளுக்குப் பைத்தியமா என்று பார்த்துவிட்டுத் தள்ளினான். எங்கோ ஆழத்தில் ஒரு புரளல் போல இருந்தது, அது பிள்ளையா, தன் குடலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

குளித்துவிட்டு வந்த பெண்கள் அவள் முகத்தைப் பார்த்து விஷயத்தைப் பிடுங்கிவிட்டார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? ஆளாளுக்கு வைத்தியம். தூங்கிப் போயிருக்கும், பயப்படாதே என்றாள் ஒருத்தி. சூடு பட்டால் விழிக்கும், உள் அறையில் போய் வெந்நீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் படு என்றாள் இன்னொருத்தி. காரமான மசாலாவைத் தேனில் குழைத்துக் குடி என்று மூன்றாமவள். மோஹாவுக்குப் போன் போட்டால் அவன் மெக்னெஸ் போகிற வழியில் பனியில் மாட்டிக்கொண்டு நின்றான். "பிள்ளைன்னா தூங்காதா? வீட்டுக்குப் போய் அக்காகிட்ட கேளு, அவளுக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

வீட்டுக்கு நடந்தபோது இத்தோவுக்கு ஒரு விசித்திரம் நடந்தது. ஆயுசில் முதல்முறையாக அவளுக்கு ஒன்றை நம்ப ஆசை வந்தது. தூங்குகிறது என்றால் செத்துப்போகவில்லை என்றுதானே அர்த்தம்? தூங்குகிற பிள்ளை எங்கேயும் போயிடாது. நர்ஸ் சொன்னது நினைவுக்கு வந்தது, அதை ஓரமாகத் தள்ளினாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஏதாவது சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். தாமூ வாயால் தூங்குது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கட்டிலில் போய்ப் படுத்துவிடலாம் என்று இருந்தது அவளுக்கு.

தாமூ மாவு பிசைந்துகொண்டிருந்தாள். இத்தோ சொன்னதைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் வயிற்றில் வைத்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். துடைத்தும் போகாத மாவு அவள் விரல்களில் காய்ந்து உதிர்ந்தது.

"எப்போலேர்ந்து?"

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து சரியில்ல. தூங்குது, இல்லியா மதினி? தூங்குதுன்னு சொல்லுங்க."

"பொறப்படு" என்றாள் தாமூ. "ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

இத்தோ இரண்டடி பின்னால் போனாள். இத்தனை நாள் தூங்கட்டும் தூங்கட்டும் என்றவள் இன்றைக்கு ஏன் துரத்துகிறாள்? கிழித்துப் போடட்டும் என்றா? தாயும் பிள்ளையும் சேர்ந்து போகட்டும் என்றா? இவளுக்குத் தம்பியும் வீடும் மிஞ்சும் என்றா? வாய்க்கு வந்ததையெல்லாம் இத்தோ கேட்டுவிட்டாள். கசப்புத் தழை, தலையணை, துணை தேடுவது, ஒன்று விடாமல் கொட்டினாள். தாமூ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். கோபப்படவில்லை. அதுதான் இத்தோவை இன்னும் பயமுறுத்தியது.

"என் வயித்துல ஒன்னும் தூங்கல, இத்தோ" என்றாள் தாமூ.

இத்தோ அவள் வயிற்றைப் பார்த்தாள்.

"அஞ்சாம் மாசம் அசைவு நின்னுச்சு. நான் பயந்துபோய் மாமியாகிட்ட சொன்னேன். தூங்குதுன்னு படுக்க வச்சாங்க. ஒன்பது நாள் கழிச்சு ரத்தம் போச்சு, ரத்தத்தோட போச்சு. பாத்தேன். என் கண்ணால பாத்தேன். கெட்ட ரத்தந்தான், பிள்ளை உள்ள தூங்குதுன்னு அவங்க சொன்னாங்க. எனக்கும் அதைத்தான் கேக்கணும்போல இருந்துச்சு." தாமூ மூக்கைத் துடைத்தாள். "அன்னைக்கு என்னைப் பொறப்படுன்னு ஒருத்தியும் சொல்லல. நீ இப்போ நின்ன மாதிரிதான் நானும் நின்னேன். நட."

முப்பத்தெட்டு வருஷத்தில் இத்தோ ஒருத்தர் பேச்சை மோந்து பார்க்காமல், புரட்டிப் பார்க்காமல் அப்படியே நம்பியது அந்தத் தடவைதான். பொய் சொல்கிறவளுக்குச் சொல்ல எத்தனையோ இருக்கும், ஆனால் இதைச் சொல்ல மாட்டாள். இத்தோ செருப்பை மாட்டினாள்.

பக்கத்துக் கோழிக்கடைக்காரரின் வண்டியிலிருந்து கூண்டுகளை இறக்கிவிட்டு இருவரும் அதில் ஏறினார்கள். பனியில் வண்டி நகர்ந்த நகர்வுக்கு நடந்தே போயிருக்கலாம். தாமூ வழி நெடுக வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டி ஒரு இயந்திரத்தில் மாட்டினார்கள். அதில் கோடு ஓடுவதைப் பார்த்த அங்கத்து நர்ஸ் டாக்டரைக் கூப்பிடப் போனாள். அப்புறம் எல்லாரும் வேகமாக நடந்தார்கள். பிள்ளையின் துடிப்பு இறங்கி இறங்கி வருகிறது, உடனே அறுத்து எடுக்க வேண்டும் என்றார்கள். இத்தோ யாரிடமும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

பெண் பிள்ளை. கழுத்தில் கொடி சுற்றி, நீலம் பாரித்து, முதலில் அழவில்லையாம். கொஞ்ச நேரம் பாடுபட்ட பிறகு அழுதாளாம். சாயங்காலம்வரை விட்டிருந்தால் கையில் கிடைத்திருக்காது என்று டாக்டர் சொன்னார். இத்தோ கண் விழித்ததும் பிள்ளையைத் தன் நெஞ்சில் போடச் சொன்னாள், துணியைப் பிரித்து இரண்டு கால்களும் அசைகிறதா என்று பார்த்தாள், அதன் பிறகுதான் அழுதாள். தாமூ எங்கே என்று கேட்டாள். பிள்ளை அழுகிற சத்தம் கேட்டதுமே எழுந்து நடந்தே வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஏழாம் நாள் ஆடு அறுத்துப் பெயர் வைத்தார்கள். வீடு நிறைய ஜனம். தாமூ காலையிலிருந்து அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. ஒருத்தி விருந்தோடு விருந்தாக, உன்னுடையது எப்போது விழிக்கும் என்று வழக்கம்போலக் கேட்டாள். தாமூ வெங்காயம் அரிந்துகொண்டே, எனக்குப் பிள்ளை இல்லை என்றாள். கேட்டவள் கையிலிருந்த கிளாஸை வைத்துவிட்டுப் போனாள்.

சாப்பாடு முடிந்து கூட்டம் கொஞ்சம் அடங்கியபோது தாமூ மெதுவாக அறைக்குள் வந்தாள். பிள்ளை பால் குடித்துவிட்டு நல்ல தூக்கத்தில் கிடந்தது. சுற்றியிருந்த பெண்கள், தூங்குது, எழுப்பிடாதே என்று கையைக் காட்டினார்கள். தாமூ காதில் வாங்கவில்லை. குனிந்து துணியை விலக்கி, அந்தச் சின்ன உள்ளங்காலில் விரலால் சுண்டினாள். பிள்ளை முகத்தைச் சுளித்தது. மறுபடி சுண்டினாள். வீறிட்டு அழுதது. பெண்கள் ஆளாளுக்குத் தாமூவைத் திட்டினார்கள், எவ்வளவு பாடுபட்டுத் தூங்க வைத்தோம் என்று. தாமூ அழுகிற பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விடுங்க" என்றாள் இத்தோ. "இன்னொரு தடவை சுண்டுங்க, மதினி."